டூங்காபிச் சரிவில் ஏழு வயல்

வீடு பார்க்க வந்த சொந்தக்காரர் எல்லாரும் முன்வாசலில் நின்ற வரைக்கும் யோகாவைப் புகழ்ந்தார்கள். பின்கதவைத் திறந்ததும் பேச்சு நின்றது.

சிட்னியின் ஓல்ட் டூங்காபியில், தெருவோரச் செங்கல் வீடு ஒழுங்காகத்தான் இருந்தது. பின்பக்கக் காணிதான் காலடியிலிருந்தே சரிந்து, கீழ்த்தெரு வீட்டின் கராஜ் சுவர் வரைக்கும் போய் நின்றது. முன்பு இருந்தவர் மரங்களையெல்லாம் தறித்து, புல்லை மட்டும் விட்டிருந்தார். அந்தச் சரிவால்தான் வீட்டு விலை இறங்கிக் கிடந்தது. அதனால்தான் அது அவர்கள் கைக்கு எட்டவும் செய்தது.

"வீடு வாங்கச் சொன்னா மலை வாங்கியிருக்கிறியள்," என்றார் அரியரத்தினம். யோகாவின் கணவர் விக்னராஜாவுக்கு அவர் மூத்த அண்ணன். முப்பது வருடம் சிட்னியில் இருந்து பழுத்தவர். குடும்பத்தில் யார் எதை வாங்கினாலும் ஒரு சொல் சொல்லாமல் போகமாட்டார். "உதில ஆடும் நிண்டு மேயாது, தம்பி."

விக்னராஜா சிரித்துச் சமாளித்தார். யோகா தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

அவளுடைய முழுப்பெயர் யோகாம்பிகை. முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை. "உங்கள் பெயர் யோகாவா? எங்களுக்கும் யோகா சொல்லித் தருவீர்களா?" என்று கேட்காத வெள்ளைக்காரர் அங்கே இல்லை. பதினொரு வருடமாக அந்தப் பகிடிக்குச் சிரித்துக்கொண்டு, சூடு பறக்கும் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன் அவள் கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்துத் தொழில்நுட்ப உத்தியோகத்தர். எந்த வாய்க்காலுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர், எந்தக் குளக்கட்டில் எங்கே கசிவு என்று மோட்டார் சைக்கிளில் திரிந்து பார்த்தவள். போரின் கடைசி மாதங்களில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடியதில் சான்றிதழ்ப் பை எங்கோ தவறியது. அந்தத் தொழில் தனக்குத் தெரியும் என்பதற்கு சிட்னியில் அவளே ஒரே சாட்சி. வந்த புதிதில் இரண்டு வருடம் அதைச் சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

வீடு வாங்கிய மூன்றாம் வருடம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள், இரண்டு நாளல்ல, மாதக்கணக்கில். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, யோகா வேலைக்கு வெளிக்கிட்டு நிற்கையில், சரிவின் நடுப்பகுதி மேலிருந்த புல்லோடு சேர்ந்து பாய் நழுவுவதுபோல நழுவியது. பெரிய சத்தமில்லை. ஒரு நீண்ட பெருமூச்சு மாதிரி ஒன்று. அடுத்த நிமிடம் கீழ்வீட்டுக் கிழவர் நிக்கோவின் கராஜுக்குள் முழங்கால் அளவு சேறு.

நிக்கோ கிரேக்கர். எண்பதை நெருங்கியவர். அந்தக் கராஜில்தான் அவர் தன் கைப்பட வைத்த திராட்சை ரசத்தை அடுக்கியிருந்தார். கீழே நின்று கையை விரித்து அவர் போட்ட கூச்சலில் ஒரு சொல்லும் யோகாவுக்கு விளங்கவில்லை. விளங்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இரண்டு வாரத்தில் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்குள் சரிவை நிலைப்படுத்த வேண்டும். கொன்கிறீட் சுவர் கட்டும் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஆழமான தூண்கள், நாலு மீற்றர் உயரச் சுவர், யந்திரம் இறங்க வேலியை உடைக்கவேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் விலையைச் சொன்னதும் விக்னராஜா கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்துவிட்டார். அவர் பஸ் சாரதி. இனி ஞாயிறு ஓட்டமும் எடுக்கவேண்டும் என்றார். யோகா பின்கதவடியில் நின்று, கிழிந்த சரிவைப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. இத்தனை குளக்கட்டுகளைக் காத்தவள், தன் வீட்டுப் பின்வளவுக்குள் ஒரு மண்மேட்டைக் காக்க முடியாமல் நிற்கிறாளே என்று.

சலவைப் பகுதியில் அவளோடு வேலை செய்தவள் ஜொவீட்டா. பிலிப்பைன்ஸின் வடக்கு மலைகளில் இஃபுகாவ் என்னும் பழங்குடியைச் சேர்ந்தவள். யோகாவைவிட இரண்டு வயது இளையவள். இருவரும் பேசிக்கொள்வது இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில். அந்தக் கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் யோகா போனை நீட்டி, சரிந்த நிலத்தின் படத்தைக் காட்டினாள். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தாள். ஜொவீட்டா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல நிலம்," என்றாள்.

"நல்ல நிலமா?"

"களிமண். சரிவு. என் அண்ணன் ஃபெர்மின் பார்த்தால் பொறாமைப்படுவான்."

பிறகு அவள் தன் போனை எடுத்துத் தன் ஊரைக் காட்டினாள். ஒரு முழு மலை, அடிவாரத்திலிருந்து முகில் தொடும் இடம் வரைக்கும் படிகளாகச் செதுக்கப்பட்டு, ஒவ்வொரு படியிலும் தண்ணீர் நிரம்பி, வானம் துண்டு துண்டாக அதில் கிடந்தது. எல்லாம் நெல்வயல். படிகளைத் தாங்கி நின்றவை, சாந்து பூசாமல் அடுக்கிய கற்சுவர்கள்.

யோகா நெடுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "மிச்சத் தண்ணி எதால போகுது?"

ஜொவீட்டா சாப்பாட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "இந்த நாட்டில் எத்தனையோ பேருக்கு இந்தப் படத்தைக் காட்டியிருக்கிறேன். எல்லாரும் அழகு, அழகு என்பார்கள். தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்ட முதல் ஆள் நீதான்."

அன்று மதியம் இருவரும் மேசைத் துடைப்பான் காகிதத்தில் படம் கீறினார்கள். மேல்வயல் நிறைந்து, வரம்பில் விட்ட வாயால் வழிந்து, அடுத்த வயலில் விழுகிறது. அது நிறைந்து அதற்கடுத்ததில். மலையுச்சியில் ஒரு காடு, யாரும் வெறுமையாக்கக் கூடாத காடு. மழையைப் பிடித்து வைத்து மெல்ல மெல்லக் கீழே விடுவது அதுதான். யோகா காகிதத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். குளமும் வாய்க்காலும் வான்கதவும் தட்டைநிலத்தில் செய்வதை இவர்கள் மலையில் செங்குத்தாக அடுக்கியிருக்கிறார்கள்!

"எவ்வளவு பழசு?" என்று கேட்டாள்.

"இரண்டாயிரம் வருடம் என்று சிலர் எழுதுகிறார்கள். இல்லை, நானூறுதான் என்று சிலர். அவர்கள் சண்டை பிடிக்கட்டும். ஃபெர்மின் போன மாதமும் ஒரு சுவர் கட்டினான்."

அடுத்த சனிக்கிழமை ஜொவீட்டா சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சரிவில் இறங்கினாள். குனிந்து மண்ணைக் கிள்ளி, உருட்டி, நசித்துப் பார்த்தாள். போனில் ஃபெர்மின் மலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இஃபுகாவ் மொழியில் சொன்னதை அவள் ஆங்கிலமாக்கினாள். அடியிலிருந்து தொடங்கு. கல்லின் நீளப்பக்கம் மலைக்குள் போகட்டும். சுவர் மலைப்பக்கம் சாய்ந்து நிற்கட்டும். கல்லுக்குப் பின்னால் சரளை, சரளைக்குப் பின்னால் மண். களிமண்ணைக் கல்லோடு ஒட்டவிடாதே.

யோகா ஊடுதெரியும் நீண்ட பிளாஸ்டிக் குழாயொன்றைத் தேடி எடுத்தாள். உள்ளே தண்ணீர் நிரப்பி இரு முனையையும் தூக்கிப் பிடித்தால் மட்டம் தெரியும். பதினாலு வருடத்துக்குப் பிறகு நிலம் அளந்தாள். விக்னராஜா ஒரு முனையைப் பிடித்தபடி, சரிவில் வழுக்கி இரண்டு முறை விழுந்தார்.

"யோகா, உமக்கு விசரே? கவுன்சில்காரர் என்ன சொல்லுவினம்?"

"அதையும் வாசிச்சிட்டன். அறுபது சென்ரிமீற்றருக்குக் குறைஞ்ச சுவருக்குத் தனி அனுமதி தேவையில்லை. ரெண்டு சுவருக்கு நடுவில ரெண்டு மீற்றர் விடவேணும். எங்களுக்குத் தேவையும் அதுதான். ஐம்பத்தைஞ்சு சென்ரிமீற்றரில ஏழு சுவர். ஏழு வயல்."

"வயலோ?"

"ஓம். வயல்."

கவுன்சிலிலிருந்து வந்தவள் ஹெதர் என்ற பொறியியலாளர். மழைச்சட்டையோடு சரிவின் மேலே நின்று, யோகா கீறிய வரைபடத்தை மூன்று தரம் திருப்பிப் பார்த்தாள். அளவுகள், சாய்வு, சரளையின் தடிப்பு, கடைசி வயலிலிருந்து தெருவடிகாலுக்குப் போகும் குழாய், எல்லாம் அதில் இருந்தன.

"இதை யார் வரைந்தது?"

"நான்."

"நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?"

யோகா ஒரு கணம் தயங்கினாள். "சலவை," என்றாள்.

ஹெதர் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு வரைபடத்தை மடித்தாள். "தடுப்பதற்கு எனக்கு இதில் காரணம் இல்லை. ஆனால் இன்னொரு முறை ஒரு வாளி சேறு கீழே போனாலும், கொன்கிறீட் சுவர்தான். பேச்சுக்கு இடமில்லை."

கல் கிடைப்பது பிரச்சினையாக இருக்கவில்லை. சிட்னியில் எங்கே வீடு இடித்தாலும், நிலம் தோண்டினாலும், மணற்கல் வெளிவரும். ஏற்றிக்கொண்டு போனால் போதும் என்று சும்மா கொடுப்பார்கள். ஆள்தான் வேண்டியிருந்தது. ஜொவீட்டா சலவை மேசையில் கையூன்றி, "அதற்கு உப்பு இருக்கிறது," என்றாள்.

அன்று மாலையே யோகா வென்ட்வேர்த்வில் கடையில் ஐந்து கிலோ உப்பு வாங்கி வந்து வைத்தாள். களிமண்ணில் கலப்பதற்காக்கும் என்று நினைத்தாள். சனிக்கிழமை அதைக் கண்ட ஜொவீட்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சொன்னது தமிழ் உப்பை அல்ல. தங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு ஆளுக்காள் மாறி மாறிச் செய்யும் வேலை என்று பொருள். இன்று உன் வயல், நாளை என் வயல். சம்பளம் கிடையாது.

அவள் சிரித்து முடிப்பதற்குள் பிளக்டவுன் பக்கத்திலிருந்து மூன்று கார்களில் அவளுடைய ஊர்க்காரர் பதினொரு பேர் வந்து இறங்கினார்கள். தாதிகள், ஒரு தச்சர், ஒரு பாடசாலை துப்புரவாளர். மண்வெட்டி, கையுறை, அலவாங்கு எல்லாம் அவர்களே கொண்டுவந்தார்கள். அடித்து ஒலியெழுப்பும் இரண்டு வெண்கலத் தட்டங்களும் வந்தன. தாளம் இல்லாமல் வயலடிக் களிமண்ணை மிதித்து இறுக்கினால் கால் அலுத்துவிடுமாம்.

விக்னராஜா யோகாவை ஓரமாக இழுத்து, "எவ்வளவு குடுக்கிறது?" என்று காதுக்குள் கேட்டார்.

"காசில்லை. அடுத்த சனி நீங்கள் அந்தத் தச்சரின்ர வீட்டு வேலி கட்டப் போகவேணும்."

"நானோ?"

"நாங்கள் ரெண்டு பேரும்."

அவர் போனார். அடுத்த கிழமையும் போனார். மூன்றாம் கிழமை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில், பூசை முடிந்து நின்ற தன் நண்பர்களிடம் அவரே சொல்லத் தொடங்கிவிட்டார். மலை என்றால் முருகனுக்கு விருப்பம்தானே என்று பகிடி விட்டுக்கொண்டு ஆறேழு பேர் சாரத்தோடும் விபூதியோடும் நேரே கல் தூக்க வந்தார்கள். யோகா சமையலறைக்கும் சரிவுக்குமாக ஓடினாள். குசினியில் ஒரு அடுப்பில் சாம்பார், மறு அடுப்பில் ஜொவீட்டாவின் தங்கச்சி வைத்த இஞ்சிக்கோழி. தட்டங்கள் கணீரென்று ஒலிக்க, இருபது கால்கள் ஒன்றாகக் களி மிதித்தன. சத்தம் தாங்காமல் வேலியடிக்கு வந்த நிக்கோ திட்ட வாய் திறந்தார். கொஞ்சநேரம் பார்த்தார். "அந்தக் கல்லைப் பிழையாக வைக்கிறாய்!" என்று ஒரு தமிழனைப் பார்த்துக் கத்தினார். அவரும் தன் தீவில் திராட்சைக்கு இப்படிச் சுவர் வைத்தவராம்.

இரண்டு சுவர் முடிந்து மூன்றாவதும் எழும்பியபோது, ஒரு சின்னத் தூறல் விழுந்தது. துணி காயப்போடலாமா விடலாமா என்று யோசிக்கிற அளவு தூறல். மறுநாள் காலை மூன்றாம் சுவர் கர்ப்பிணி வயிறுபோலத் தள்ளிக்கொண்டு நின்றது.

அரியரத்தினம் அன்றைக்கென்று வந்திருந்தார். வரம்பில் நின்று தலையை ஆட்டினார். "நான் சொன்னனான். இது இனி நிக்காது, பிள்ளை. இப்பவே கொன்கிறீட்காரனைக் கூப்பிடுங்கோ. இன்னும் ஒருக்கா சேறு போனா நிக்கோ வழக்குப் போடுவான்."

விக்னராஜாவும் தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் யோகாவுக்குச் சுட்டது. ஜொவீட்டாகூட வாயை இறுக்கிக்கொண்டு போனில் அண்ணனைத் தேடினாள்.

யோகா சுவரருகே குந்தினாள். கல்லிடுக்கில் விரலை விட்டாள். தண்ணீர் கசியவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். நேற்று விழுந்த மழை இவ்வளவு. இந்தச் சரிவின் பரப்பு இவ்வளவு. இரண்டையும் பெருக்கினாலும் இந்தத் தண்ணீர் வராது. பாதிகூட வராது.

"பெரியத்தான்," என்றாள் எழுந்து நின்று, "இது மழைத்தண்ணி இல்லை."

"வேற என்ன, கங்கையோ?"

அவள் குசினிக்குள் போய் மஞ்சள் தூள் டப்பாவை எடுத்து வந்தாள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் அரை டப்பாவைக் கொட்டி, தோட்டத்துக் குழாயைத் திறந்து உள்ளே விட்டாள். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வானத்தில் ஒரு முகில் இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நாலு நிமிடம். பிறகு மூன்றாம் சுவரின் கல்லிடுக்கிலிருந்து மஞ்சள் கீறலொன்று இறங்கியது. அது தடித்தது. சுவர் முழுக்கக் கோயில் மஞ்சளாகியது.

"ஐயோ, எங்கட கூரைத் தண்ணி!" என்றார் விக்னராஜா.

தோண்டிப் பார்த்தார்கள். முழங்கை ஆழத்தில் பழைய மண்குழாய். மரவேர் புகுந்து இரண்டாகப் பிளந்து கிடந்தது. எத்தனை வருடமாக வீட்டுக் கூரையில் விழுந்த மழையெல்லாம் அந்த உடைவால் சரிவின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்ததோ! நிலம் சரிந்ததற்கு நிலம் காரணமில்லை. கொன்கிறீட் சுவர் கட்டியிருந்தால், அதற்குப் பின்னாலும் இதே தண்ணீர் தேங்கித் தேங்கி ஒருநாள் அதையும் தள்ளியிருக்கும்.

ஜொவீட்டா யோகாவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். போனில் ஃபெர்மின் ஏதோ கத்திச் சிரித்தான்.

"என்ன சொல்லுறான்?" என்று கேட்டாள் யோகா.

"தண்ணீரைத் தேடி எங்களுடைய ஆட்கள் மலையேறி நாள்கணக்கில் வாய்க்கால் வெட்டினார்கள். உனக்குக் கூரையிலேயே ஆறு ஓடுகிறதாம். அதிர்ஷ்டக்காரி என்கிறான்."

யோகாவுக்கு அந்த இடத்திலேயே மிச்சமெல்லாம் தெளிவாகிவிட்டது. உடைந்த குழாயை அடைத்து, கூரைத் தண்ணீரை ஒரு பெரிய தாங்கியில் பிடித்து, அதிலிருந்து முதல் வயலுக்குத் திறந்துவிட்டாள். சரிவைக் கொன்ற தண்ணீரே சரிவுக்குச் சாப்பாடு போட வந்தது. தள்ளிய சுவரைக் கல் கல்லாகக் கழற்றி மீண்டும் அடுக்கினார்கள். ஒவ்வொரு வரம்பிலும் தட்டைக்கல் பதித்து, மிச்சத் தண்ணீர் வழிய வான் வைத்தாள், ஒன்றுக்கு நேர்கீழே மற்றது வராமல், இடப்பக்கமும் வலப்பக்கமுமாக மாற்றி மாற்றி. அப்போதுதான் விழும் தண்ணீர் வேகமெடுக்காது. அது ஃபெர்மினின் ஊரில் இல்லாத ஒழுங்கு. அவன் அதைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லிக் கேட்டான். மேலே, வீட்டுக்கும் முதல் வயலுக்கும் நடுவில், அந்த மண்ணுக்கே உரிய மரக்கன்றுகள் முப்பது நட்டார்கள்.

ஏழாம் சுவரின் கடைசிக் கல்லை வைத்துப் பன்னிரண்டாம் நாள் ஒக்டோபர் மழை வந்தது.

அது தூறல் இல்லை. ஞாயிறு விடியற்காலை தொடங்கி, கூரையை உடைக்கிறமாதிரி அடித்தது. பக்கத்து ஓடை பெருகித் தெருவில் ஏறியது. யோகா குடையை எறிந்துவிட்டுப் பின்கதவடியில் நின்றாள். ஒன்பது மணிக்கு ஜொவீட்டா தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தாள். பத்து மணிக்கு அரியரத்தினம் மழைச்சட்டையோடு வந்தார். ஏன் வந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

மேலே முதல் வயல் நிறைந்தது. தண்ணீர் வரம்பின் விளிம்புவரை ஏறி, ஒரு கணம் நடுங்கி நின்று, வானால் வளைந்து விழுந்தது. இரண்டாவது நிறைந்தது. மூன்று, நாலு, ஐந்து. அடியிலிருந்து மூன்றாவதான, அன்று தள்ளிய அந்தச் சுவரை யோகா மூச்சுவிடாமல் பார்த்தாள். மயிரிழைகூட அசையவில்லை. ஆறாவதும் நிறைந்தது. ஏழாவது வான் பாய்ந்தபோது, மேலிருந்து கீழ்வரை இடமும் வலமுமாக ஏழு வெள்ளைச் சீலைகள் தொங்கின. கடைசி வயலிலிருந்து குழாய்க்குள் போன தண்ணீர் தெளிந்து கண்ணாடியாக ஓடியது.

"வான் பாயுது!" என்று யோகா கத்தினாள். தன் தொண்டையில் அப்படியொரு குரல் இருப்பதையே அவள் மறந்திருந்தாள். "ஏழும் வான் பாயுது!"

கீழே நிக்கோ கராஜ் கதவைத் திறந்துவிட்டு, தும்புத்தடியும் கையுமாகத் தயாராக நின்றார். கூட்டுவதற்கு ஒன்றும் வரவில்லை. தரையைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. பிறகு உள்ளே போய் ஒரு போத்தலை எடுத்துவந்து, வேலிக்கு மேலால் விக்னராஜாவிடம் நீட்டினார்.

அரியரத்தினம் ஒவ்வொரு சுவராகக் குனிந்து பார்த்தார். மழைநீர் மூக்கு நுனியால் சொட்டியது. "பிள்ளை," என்றார் கடைசியில், "எங்கட வீட்டுப் பின்வளவிலயும் ஒரு மூலையில தண்ணி நிக்குது. ஒருக்கா வந்து பாக்கிறீரே?"

"வாறன், பெரியத்தான்," என்றாள் யோகா. "ஆனா அடுத்த சனி நீங்கள் இஞ்ச நாத்து நடவேணும்."

அவர் நட்டார். லிஸ்மோர் பக்கம் மலைநெல் போடும் கமக்காரர் ஒருவர் முன்பே அனுப்பிய ஒரு சின்னப் பை விதைநெல் நாற்றாகியிருந்தது. ஜொவீட்டாவுக்குத் தன் ஊர் நெல்லைக் கொண்டுவர ஆசைதான். விமானநிலையத்தில் ஒரு மணி விதைகூடத் தாண்டாது என்று அவளுக்குத் தெரியும். கொக்கட்டூக் கிளிகள் கூட்டமாக வந்து இறங்கியபோது நிக்கோ தன் திராட்சை வலைகளைக் கழற்றிக் கொடுத்தார். மாசி மாதத்தில் ஏழு வயலும் பூத்தன. வேலையால் வந்த உடுப்போடு யோகா வரம்பில் நடந்து, ஒவ்வொரு வானையும் திறந்தும் மூடியும் பார்ப்பாள். களைப்பே தெரிவதில்லை என்று விக்னராஜாவிடம் சொன்னாள்.

ஹெதர் மூன்று தரம் வந்து பார்த்தாள். மூன்றாம் தரம் தன் மேலதிகாரியையும் கூட்டி வந்தாள். கவுன்சிலுக்குச் சொந்தமான ஒரு விளையாட்டு மைதானத்தின் கரை, அதே மழையில் இறங்கியிருந்தது. அதற்கு மேற்பார்வை பார்க்க ஒரு ஆள் தேவை.

"நீங்கள் முன்பு என்ன வேலை செய்தீர்கள் என்று நான் அன்றைக்குச் சரியாகக் கேட்கவில்லை," என்றாள் ஹெதர்.

யோகா இம்முறை தயங்கவில்லை. கிளிநொச்சி, திணைக்களம், குளங்களின் பெயர், அவற்றின் கொள்ளளவு, தான் அடைத்த உடைவுகள் எல்லாவற்றையும் சொன்னாள். சான்றிதழ் இல்லை என்றும் சொன்னாள்.

மேலதிகாரி சரிவைப் பார்த்துக் கையை நீட்டினார். "இது இருக்கிறதே," என்றார்.

முதலில் ஆறு மாத ஒப்பந்தம். சித்திரை முடிந்ததும் தொடக்கம். யோகா அந்தக் கடிதத்தைச் சலவைப் பகுதிக்குக் கொண்டுபோய் ஜொவீட்டாவுக்குத்தான் முதலில் காட்டினாள். இருவரும் வெள்ளை விரிப்புக் குவியலுக்கு நடுவில் நின்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு ஜொவீட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மைதானக் கரைக்குக் கல் அடுக்க ஆள் வேண்டுமா?" என்று கேட்டாள். "வேணும்," என்றாள் யோகா. "உனக்குச் சம்பளத்தோட."

சித்திரைப் புதுவருடத்துக்கு அடுத்த சனிக்கிழமை அறுவடை. ஒரு கதிர் வெட்டுமுன் ஜொவீட்டாவும் அவள் தங்கச்சியும் ஏழு வயலிலும் நடந்து, கண்ணுக்குப் பிடித்த கதிர்களை விதைக்கென்று தனியாகக் கொய்தார்கள். இஃபுகாவில் அது பெண்களின் அதிகாரம். அவர்கள் தெரிந்து முடிக்கும்வரை ஆண்கள் காத்து நிற்கவேண்டும். தச்சரும் விக்னராஜாவும் அரியரத்தினமும் அரிவாளோடு வரிசையாக, நல்ல பிள்ளைகளாகக் காத்து நின்றார்கள். பிறகு வெட்டினார்கள். ஏழு வயலுக்கும் சேர்த்து மூன்று மூட்டைகூட இல்லை. ஆனால் அன்று வந்திருந்த ஐம்பது பேருக்கும் அந்தப் புது அரிசியில் ஒவ்வொரு அகப்பை சோறு விழுந்தது.

சாப்பாடு முடிந்ததும் தச்சர் ஒரு தடித்த கயிற்றை எடுத்து வந்தார். ஃபெர்மினின் ஊரில் அறுவடை முடிந்தால் ஊருக்கு ஊர் ஆற்றில் இறங்கிக் கயிறிழுப்பார்களாம். "எங்கட வருசப்பிறப்புக்கும் கயிறிழுக்கிறனாங்கள்தானே!" என்று கோயில் கூட்டம் சாரத்தை மடித்துக்கட்டியது. ஆறு இல்லாததால் அடிவயலில் தண்ணீர் விட்டார்கள். நீண்டு ஒடுங்கிய அந்த வயல் கயிறிழுக்கவென்றே வெட்டியதுபோல இருந்தது.

ஒரு தலைப்பில் ஜொவீட்டாவும் அவளுடைய ஆட்களும். மறு தலைப்பில் தமிழர். கடைசியில் இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு அரியரத்தினம். நிக்கோ நடுவர். தட்டங்கள் முழங்கின. முதல் இழுவை இஃபுகாவுக்கு. இரண்டாவது தமிழருக்கு. மூன்றாவதில் கயிறு நடுவில் நின்று விறைத்தது, இங்குமில்லை அங்குமில்லை. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த யோகா சேலையைத் தூக்கிச் செருகினாள். சேற்றுக்குள் பாய்ந்து, விக்னராஜாவுக்கு முன்னால் கயிற்றைப் பிடித்தாள். எதிரே ஜொவீட்டாவின் முகம் தெரிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கமுடியாமல்.

"இழு!" என்றாள் யோகா. "இழுங்கோ எல்லாரும்!"

குதிக்கால் சேற்றுக்குள் இறுகியது. ஒரு அங்குலம் வந்தது. இன்னொரு அங்குலம். பிறகு ஒரேயடியாக அந்தப் பக்கம் முழுக்கத் தடதடவென்று இந்தப் பக்கம் வந்து விழ, அரியரத்தினம் மல்லாந்து சேற்றில் போய், "வெண்டிட்டம், பிள்ளை, வெண்டிட்டம்!" என்று கிடந்த கிடையிலேயே இரண்டு கையையும் தூக்கிக் கூவினார்.